தோட்டாவும் கயிறும்

வடகோடிப் பனிநாட்டுக்கு வேட்டைக்குப் போகிறவன் எந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்லவேண்டும்? குறி தவறாததை என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம்.

குளிரில் அது ஏமாற்றாமல் இருக்கவும் வேண்டுமே! கனடாவின் வடகோடியில் காவல் செய்யும் ரேஞ்சர் படையினர் 1947 முதல் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் லீ என்ஃபீல்டு என்ற பழைய துப்பாக்கியையே தாங்கினார்கள். கடுங்குளிரிலும் அது கைவிடவில்லை. தொலைநோக்கியோ குளிரிலிருந்து கூடாரத்துக்குள் வந்ததுமே நீர் படர்ந்து குருடாகிவிடும்.

ஆனால், சுட்டுவிட்டால் வேட்டை முடிந்துவிடுகிறதா? கோடையில் பனி உருகிக் கலந்த கடல்நீரில் உப்புக் குறைவு. சீல் என்னும் கடல்விலங்கின் உடலிலும் அப்போது கொழுப்புக் குறைவு. சுடப்பட்டதும் அது பெரும்பாலும் மூழ்கிப்போகும். பசித்தவனுக்கும் பயனில்லை, ஓர் உயிர் போனதுதான் மிச்சம்! அதனால்தான் இனுயிட் வேடர்கள் துப்பாக்கி வந்த பின்பும் கயிறு கட்டிய எறியீட்டியைக் கைவிடவில்லை. கரை சேர்ந்ததைப் பெண்கள் ஊலு என்ற பிறைக்கத்தியால் தோல் வேறு, கொழுப்பு வேறு என்று வீணாக்காமல் பிரித்தெடுப்பார்கள்.

தோட்டா எவ்வளவு தூரம் பாயும் என்பது கருவியின் ஆற்றல். அவ்வளவு தூரமும் சென்று, செய்ததன் விளைவை ஏற்கிறோமா என்பது மனிதனின் அறம். துப்பாக்கியோடு கயிற்றையும் மறவாமல் எடுத்துச் செல்கிறவனே நல்ல வேடன்.