ஏவினால் மட்டும் போதுமா?

2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, ஏறக்குறைய 790 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டு செயற்கைக்கோள்கள் மோதின. ஒன்று, இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம் 33. மற்றொன்று, செயலிழந்து பல ஆண்டுகளாகச் சும்மா சுற்றிவந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251. கண்காணிக்கக்கூடிய சிதறல்களே இரண்டாயிரத்தைத் தாண்டின. குற்றம் யாருடையது? செத்த கோளை அப்படியே விட்டவருடையதா, விலக வசதியிருந்தும் விலகாதவருடையதா?

1972ஆம் ஆண்டுப் பொறுப்புடைமை ஒப்பந்தப்படி, விண்கலம் தரையில் விழுந்து சேதம் விளைவித்தால் ஏவிய நாடு மறுபேச்சின்றி இழப்பீடு தர வேண்டும். விண்வெளியிலேயே சேதம் நேர்ந்தால், தவறு யாருடையது என்று நிறுவியாக வேண்டும். அது எளிதல்ல. ஆகவே கைவிட்டுப் போவதே மலிவாக இருக்கிறது. ஆதாயம் இன்றைக்கு, ஏவியவருக்கு. ஆபத்தோ இன்னும் பிறக்காதவர்களுக்கு. சட்டம் தப்பவிடுகிறது என்பதற்காக அறமும் தப்பவிடலாமா?

முடியாத காரியம் என்று சொல்வதற்கும் இல்லை. வெப்பமண்டல மழையை ஆராய இந்தியாவும் பிரான்ஸும் 2011இல் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ், திட்டமிட்ட மூன்றாண்டையும் கடந்து உழைத்தது. அப்படியே விட்டிருந்தால் நூறாண்டுக்கு மேல் சுற்றியிருக்கும். கட்டுப்படுத்தி இறக்கும் வகையில் அது வடிவமைக்கப்படவும் இல்லை. ஆயினும் மிஞ்சியிருந்த சுமார் 125 கிலோ எரிபொருளைக் கொண்டு இஸ்ரோ அதைப் படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலுக்கு மேலே எரியவிட்டது. அதே இந்தியா 2019இல் ஏவுகணையால் தன் கோளைத் தகர்த்துச் சோதித்தது. தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தும் சில சிதறல்கள் உயரே வீசப்பட்டன. நல்ல முன்மாதிரி காட்டியவர்களுக்கும் விலக்கில்லை.

இரவு வானத்தின் கணக்கு இன்னும் சிக்கலானது. 2019 மே மாதம் இணையச் சேவைக்கான 60 ஸ்டார்லிங்க் கோள்கள் ஏவப்பட்டபின் அவை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டன. தொலைநோக்கிப் படங்களில் அவற்றின் ஒளிக்கோடுகள் விழுகின்றன. கம்பிவடம் எட்டாத மலைக்கிராமத்துக்கு இணையம் கிடைப்பது மெய்யான நன்மை. அதை வானியலாளரின் வசதிக்காக மறுப்பது நியாயமன்று. ஆனால் அந்தக் கிராமத்தைக் காட்டி, ஏற்கெனவே இணையம் உள்ள நகரங்களுக்கும் சேர்த்து வானத்தை நிரப்புவதும் நியாயமன்று. தேவை ஏவுவதற்குத்தான் உரிமை தரும். விரும்பிய அளவுக்கெல்லாம் ஏவுவதற்கு அல்ல.

விதிகளை இறுக்கினால் முந்தி வந்த பணக்கார நாடுகள் தப்பிக்கும், பிந்தி வரும் ஏழை நாடுகள் சுமக்கும் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பழைய குப்பையை அகற்றும் செலவு அதைப் போட்டவர்களையே சேரட்டும். புதிதாகப் போடாதிருக்கும் கடமையில் மட்டும் முந்தியவர், பிந்தியவர் என்ற பேதம் கூடாது. இறக்குவதற்கான எரிபொருளும் பணமும் ஒதுக்காத கோளுக்கு அனுமதி கிடையாது என்று ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எழுதிவிடலாம். அதற்கு உலக உடன்படிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.