படித்த கடன் யாருக்கு?

பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் போகும் பாதையோரத்தில் ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடு. அப்பாயி நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். மகன் கண்டி நகரில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். பேத்தி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். இங்கிலாந்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருக்கிறது. உயிர்ப்பொருட்கள், நனோப்பொருட்கள் ஆகியவற்றின் இரசாயனத்தில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது.

வீடெங்கும் மகிழ்ச்சி. அயலவர் வந்து வாழ்த்திப் போகிறார்கள். அந்நேரம் மூலையில் அமர்ந்திருந்த அப்பாயி மகனைப் பார்த்து, "ஏப்பா, புள்ள திரும்பி வருமா?" என்று கேட்கிறார். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்த மூதாட்டி காரணமின்றிக் கேட்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவருடைய அக்காளும் தலைமன்னாரில் கப்பலேறினாள். பிறகு இருவரும் சந்திக்கவேயில்லை. போனவர் வருவதில்லை என்பது அவர் படித்த பாடம்.

இது சிந்தனைக்காக நாம் வரைந்துகொண்ட வீடு. எனினும் இதன் சாயலில் நம் பங்குகளில் பல வீடுகள் உண்டென்பதை வாசகர் அறிவர். அங்கெல்லாம் விடையின்றி நிற்கும் வினா இதுதான்: படித்த பிள்ளை யாருக்குக் கடன்பட்டிருக்கிறது? அதை எங்ஙனம் தீர்ப்பது?

என்ன படிப்பு இது?

முதலில் அந்தப் படிப்பு இன்னதென்று அறிந்துகொள்வோம். பெயர் கேட்க மலைப்பாக இருந்தாலும் பொருள் நம் வீட்டிலேயே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அப்பாயி வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டு முறிந்தபோது, வைத்தியர்கள் அதை எடுத்துவிட்டு உலோகத்தாலான செயற்கை மூட்டை வைத்தார்கள் என்று கொள்வோம். உடல் தள்ளிவிடாமல் ஏற்றுக்கொள்ளும் அத்தகைய பொருள்களே உயிர்ப்பொருட்கள். செயற்கைப் பல், இருதய வால்வு, தானே கரையும் தையல் நூல் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை.

நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு பொருளை நுணுக்கினால் அதன் குணம் மாறுகிறது. இறைவனின் படைப்பில் இந்த நுட்பம் முன்னமேயே உண்டு. நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கல்சியமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு கனிமம். ஹைட்ரொக்சி அபடைட் என்பது அதன் பெயர். அதன் துகள்கள் நனோமீற்றர் அளவிலேயே எலும்பில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இதே இனத்தைச் சேர்ந்த அபடைட் பாறை அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலயில் 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதன் தூளைத்தான் தேயிலைக்கு உரமாக இடுகிறார்கள். ஆகவே அப்பாயியின் எலும்பும், அவர் கொழுந்து பறித்த மலையின் உரமும், பேத்தி படிக்கப்போகும் பாடமும் ஒரே இரசாயனத்தின் மூன்று பக்கங்கள் எனலாம். இந்தப் படிப்பு ஏழைகளுக்கு எட்டாத ஆடம்பரம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கடன் எங்கே பிறந்தது?

"நாட்டின் பணத்தில் படித்தவர்கள் நாட்டுக்கே உழைக்க வேண்டும்" என்று பலர் சொல்வார்கள். இதில் நியாயம் இல்லாமலில்லை. கலாநிதி சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பேராதனையில் பட்டம் பெறும் பிள்ளை கல்விக் கட்டணமென்று எதுவும் செலுத்துவதில்லை. அவள் கையிலுள்ள சோதனைக்குழாயும், அவளுக்குக் கற்பித்த விரிவுரையாளரின் சம்பளமும் பிறர் உழைப்பிலிருந்து வந்தவை.

ஆனால் மலையகத்துப் பிள்ளை ஒருத்தி எதிர்வினா எழுப்பினால் என்ன சொல்வோம்? "1948ஆம் ஆண்டின் சட்டம் என் பாட்டனை நாடற்றவராக்கியது. தோட்டத்துப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். எங்களில் எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பேராதனையின் கட்டடங்கள் எழுந்த காலத்தில் நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கை ஈட்டித் தந்தது எங்கள் தேயிலை. அப்படியிருக்க, யார் யாருக்குக் கடன்?"

இந்த வினாவை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அரசுதான் அந்தக் குடும்பத்துக்குக் கடனாளி என்பது தெளிவு. எனினும் பேத்தியின் கடன் அத்தோடு தீர்ந்துவிடுகிறதா?

தீர்வதில்லை. அரசாங்கம் வேறு, மக்கள் வேறு. அவள் உயர்தர வகுப்பில் படித்தபோது, அதே லயத்தில் அவளைவிடக் கெட்டிக்காரியான ஒரு சிறுமி, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத காரணத்தால் படிப்பை நிறுத்திக்கொண்டு கொழும்பில் வேலைக்குப் போயிருக்கலாம். அவளுக்குக் கிடைக்காத இடத்தில்தான் இவள் அமர்ந்தாள். தம்பி கிழிந்த சப்பாத்தோடு பள்ளி சென்றபோது மிஞ்சிய பணத்தில்தான் இவளுக்குப் புத்தகம் வந்தது. இவையெல்லாம் எந்த வங்கியிலும் பதியப்படாத கடன்கள். படித்த கடன் முகமுள்ள மனிதருக்கு உரியது. அதைப் பெரும்பாலும் தந்தவருக்கே திருப்பித் தர இயலாது. நமக்குப் பின்னால் வருகிறவருக்குத்தான் கொடுக்க முடியும்.

போனவர்கள் செய்தது

அப்படியானால் திரும்பி வருவதுதான் கடன் தீர்க்கும் ஒரே வழியா? சிலருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

கேரளத்தில் பிறந்த வைத்தியர் எம். எஸ். வலியத்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சத்திரசிகிச்சை பயின்றவர். நாடு திரும்பி, 1974இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தை வழிநடத்த முன்வந்தார். வாத சுரத்தால் இருதய வால்வு பழுதடைந்த ஏழைகள் இறக்குமதி வால்வை வாங்க வழியின்றி மாண்டுகொண்டிருந்த காலம் அது. அவரும் அவருடைய குழுவினரும் உள்ளூரிலேயே வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் சோதனையில் தோற்றன. நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6ஆம் நாள் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் சிறு தட்டு ஒருவகைக் கடினமான பொலித்தீனால் ஆனது. 1962 முதல் இடுப்பு மூட்டுக் கிண்ணங்களுக்குப் பயன்பட்டுவரும் அதே இனப் பொருள்தான். இன்று அந்த வால்வைப் பெற்றவர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். வலியத்தான் 2024இல் காலமானார். வெளிநாட்டில் கற்றதை அவர் ஏழையின் நெஞ்சில் கொண்டுவந்து வைத்தார்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. பேராதனையில் இரசாயனம் கற்று, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பியவர் பேராசிரியை நில்வலா கோட்டேகொட. அவரும் சக விஞ்ஞானிகளும் யூரியாவை ஹைட்ரொக்சி அபடைட் நனோத்துகள்களுடன் பிணைத்து, மண்ணில் மெல்ல மெல்லக் கரையும் உரமொன்றை ஆக்கி, 2017இல் உலகுக்கு அறிவித்தார்கள். வழக்கமாக இடும் யூரியாவில் பாதியளவே நெல்லுக்குப் போதுமென வயற்சோதனை காட்டியது. அந்த ஆய்வில் கைகோத்தவர்களுள் ஒருவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கெஹான் அமரதுங்க. அவர் அங்கேயே பதவி வகித்துக்கொண்டு, இங்கு 2008இல் தொடங்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்துக்குத் தோள்கொடுத்தார்.

கண்டி மக்களுக்கு அறிமுகமான பெயரொன்றும் உண்டு. காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும சென்னையில் மெய்யியல் பட்டம் பெற்றுப் பின் இரசாயனத்துக்கு மாறியவர். அமெரிக்காவில் உயிரின் தோற்றம் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்றார். அவர் 1980களில் ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தை அவர் விட்டுவிடவில்லை. ஹந்தானையையும் மறந்துவிடவில்லை.

ஒருவர் திரும்பி வந்து கடன் தீர்த்தார். மற்றவர் அங்கிருந்தபடியே தீர்த்தார். திரும்பி வந்தும் பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, எவருக்கும் பயன்படாமல் இருப்பவரும் உண்டு. உடம்பு எந்த நாட்டில் இருக்கிறது என்பதைக் கொண்டு மட்டும் ஒருவரின் நன்றியை அளந்துவிட முடியாது.

வருகிறவரை வரவேற்கும் கடமை நாட்டுக்கும் உண்டு. 2021இல் இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டு உழவர்கள் தவித்தபோது, திரவ நனோ நைதரசன் இந்தியாவிலிருந்து இறக்குமதியாயிற்று. நம் விஞ்ஞானிகள் நான்கு ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்த உரம் அப்போது பரவலாக உழவர் கைக்கு வந்திருக்கவில்லை. விளக்கை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு அயல்வீட்டில் நெருப்புக் கேட்ட கதையாயிற்று. "ஏன் போகிறாய்?" என்று இளைஞரைக் கேட்குமுன், "வந்தால் என்ன வைத்திருக்கிறோம்?" என்று நம்மையே கேட்டுக்கொள்வது நேர்மை.

யார் தலையில் சுமை?

இனிப் பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம். இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும். ஆனால் கட்டணம் மிகப் பெரிது. ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. எனினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் முழுப் புலமைப்பரிசில் உண்டு. போட்டி கடுமை. அமெரிக்காவில் கற்பித்தல் உதவிப் பணியோடு கூடிய இடங்கள் பெரும்பாலும் கலாநிதிப் படிப்புக்கே கிடைக்கின்றன.

2022இல் சில வாரங்களுக்குள் டொலரின் விலை இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றைம்பதைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டோம். அன்று கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பியிருந்த வீடுகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே பெற்றோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய வினா: இந்தச் சுமையைத் தூக்கப்போவது யார்? தங்கையின் நகையா? தம்பியின் படிப்பா? அவர்களுடைய சம்மதத்தை யாராவது கேட்டார்களா? ஒரு பிள்ளையை மேலேற்ற மற்றொரு பிள்ளையைப் படிக்கட்டாக்குவதைத் தியாகம் என்று நாம் அழைக்கிறோம். தானாக முன்வந்து தருவதுதான் தியாகம். கேளாமல் எடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. ஓராண்டு பொறுத்து, புலமைப்பரிசிலுக்கு மீண்டும் முயல்வதில் வெட்கம் ஏதுமில்லை.

பிணை ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மேற்படிப்பு விடுமுறையில் செல்லும்போது, திரும்பி வந்து பணிபுரிவதாக ஒப்பமிட்டுச் செல்கிறார்கள். அதற்கு நண்பர்களும் உறவினரும் பிணை நிற்கிறார்கள். போனவர் வராதபோது அந்தப் பிணையாளர்கள் சம்பளத்திலிருந்து கடன் கட்டிய கதைகள் இந்நாட்டில் புதிதல்ல. திரும்பி வராமல் இருக்க ஒருவருக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். நம்பிக் கையெழுத்திட்டவரைத் தவிக்க விட எந்தக் காரணமும் நியாயமாகாது.

தாலந்துகளின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். "ஊரிலேயே இருப்பது தாலந்தைப் புதைப்பது போல" என்று பிள்ளைகள் வாதிடுவதுண்டு. உவமையைக் கவனமாகப் பார்த்தால், அதில் தூரதேசம் போனவன் எஜமான். ஊழியர்கள் உள்ளூரிலேதான் இருந்தார்கள். தாலந்து பெருகியதும் புதைந்ததும் அதே ஊரில்தான். இலண்டனிலும் புதைக்க நிலமுண்டு. கலஹாவிலும் பெருக்க வழியுண்டு. எங்கே இருந்தாலும் கணக்குக் கேட்கப்படும் என்பதுதான் அதன் எச்சரிக்கை.

அந்தப் பேத்தி என்ன செய்யலாம்? ஆய்வுக்குரிய தலைப்பைத் தெரிவு செய்யும்போது எப்பாவலப் பாறையை, எலும்புத் தேய்வை, வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோயாளிகளின் குடிநீரை நினைத்துப் பார்க்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலை மாணவருக்கு இணையவழியில் தமிழிலே இரசாயனம் சொல்லித் தரலாம். அடுத்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு வழிகாட்டலாம். இவற்றுக்குப் பட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்பாயியின் வினாவுக்கு வருவோம். "நிச்சயம் வருவேன்" என்று அவசரப்பட்டு வாக்களிப்பது எளிது. நாளை நடப்பதை யார் அறிவார்? பேத்தி உண்மையைச் சொல்வதே மேல். "அது இப்ப தெரியல அப்பாயி. ஆனா உங்க இடுப்புல வச்ச சாமானை நம்ம ஊர் ஏழைக்கும் வாங்குற விலையில செய்ய முடியுமான்னு பாக்கத்தான் போறேன். தம்பி படிப்பை நிறுத்திட்டுப் போகமாட்டேன்."

அந்த மூதாட்டிக்கு நனோமீற்றர் விளங்காது. பேத்தி யாரை நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறாள் என்பது விளங்கும். நம் பிள்ளைகளும் அவ்வாறு சொல்லிப் புறப்படத்தக்கவாறு அவர்களை வளர்க்கிறோமா? பெற்றோரே, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் நம் வீடுகளில் பேசப்பட வேண்டியது இதுவன்றோ?