கையுறையை மாட்டு, குரலை உயர்த்து!

"பெரிய சயின்டிஸ்ட் இவ, கிளவுஸ் இல்லாம பிளேட்டைத் தொடமாட்டா!" பின்னாலிருந்து இப்படி ஒரு நக்கல் வரும். வரட்டும். நீ மாட்டு. அவர்கள் பார்க்கப் பார்க்க, விரல் விரலாக இழுத்து மாட்டு.

உயிரியல் லேபுக்குள் புதிதாகக் கால் வைக்கும் உனக்கு முதல் எதிரி கூச்சம். கிருமியெல்லாம் அதற்குப் பிறகுதான். தெரியாததைக் கேட்டால் சிரிப்பார்களோ, சீனியரைத் தடுத்தால் முறைப்பாரோ, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து விழாமல் போகுமோ என்று வாயை மூடிக்கொள்கிறாய் பார், அந்த நிமிடத்தில்தான் ஆபத்து உள்ளே நுழைகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் மால்கம் கசாடபன் என்றொரு பேராசிரியர் இருந்தார். மரபணு ஆய்வில் பெயர் பெற்றவர். பிளேக் நோயைத் தரும் எர்சினியா பெஸ்டிஸ் கிருமியின் வலுவிழந்த வகையோடு வேலை செய்துவந்தார். இரும்புச்சத்தை ஈர்க்கும் திறனை இழந்த வகை அது. ஆளைக் கொல்லாது என்றுதான் ஆய்வுலகம் நம்பியது. 2009 செப்டம்பர் 13 அன்று அதே கிருமி தாக்கி அவர் இறந்தார். வயது 60. பிரேதப் பரிசோதனையில்தான் இன்னொன்று தெரிந்தது: உடலில் இரும்பு அளவுமீறித் தேங்கும் பரம்பரைக் கோளாறு அவருக்கு இருந்திருக்கிறது. கிருமி இழந்திருந்ததை அவர் உடலே அதற்கு ஊட்டியிருக்கலாம் என்றார்கள் ஆய்வு செய்தவர்கள். கையுறை போடுவதில் அவர் அவ்வளவு ஒழுங்காக இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

உன் உடம்புக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? "இது ஒண்ணும் பண்ணாதுப்பா" என்று உன் தோளில் தட்டுகிற சீனியருக்குத் தெரியுமா? தெரியாதவர் தரும் தைரியத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதே!

2012 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் 25 வயது ஆய்வாளர் ஒருவர், தான் கையாண்டுவந்த மூளைக்காய்ச்சல் கிருமிக்கே பலியானார். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஆய்வகம் கட்டாயப்படுத்தவில்லை, தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்யவில்லை, நோயின் அறிகுறிகளைச் சொல்லித்தரவில்லை என்று அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு குற்றம் சாட்டியது ஆய்வகத்தைத்தான். ஆகவே, கேட்பது உன் உரிமை. கெஞ்சாதே, கேள்.

கேட்பதற்கு முன் தெரிந்துகொள். தெரிந்தவன் குரலுக்கு ஒரு கனம் இருக்கிறது. நம் கல்லூரி லேப்களில் லேமினார் என்னும் காற்றோட்டப் பெட்டி முன்னால் உட்கார்ந்ததும், கண்ணாடிக் கூண்டு தன்னைக் காக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கிடைமட்டமாகக் காற்று வீசும் லேமினார், வடிகட்டிய காற்றை உன் முகத்தை நோக்கித்தான் தள்ளுகிறது. அது காப்பது உன் பிளேட்டை, உன்னை அல்ல. நோய்க்கிருமி என்றால் உன்னையும் காக்கும் பயோசேஃப்டி கேபினெட் வேண்டும். "மேடம், இது எந்த வகை?" என்று முதல் நாளே கேள். இதைக் கேட்கும் மாணவியை எந்த நல்ல ஆசிரியரும் மறக்கமாட்டார்.

கையில் 70 சதவீத எத்தனால் தடவிய ஈரத்தோடு பர்னரைப் பற்றவைக்காதே. காயட்டும், அரை நிமிடத்தில் உன் ஆராய்ச்சி ஒன்றும் கெட்டுவிடாது. ஆட்டோகிளேவின் அழுத்த முள் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை மூடியில் கை வைக்காதே. உள்ளே இருப்பது 121 டிகிரி நீராவி. பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும் "மாட்டேன் சார்" என்று சொல். மரியாதையாகச் சொல், ஆனால் சொல்! செல்போன், தண்ணீர் பாட்டில், தின்பண்டம் எல்லாம் கதவுக்கு வெளியே.

கல்ச்சர் சிந்திவிட்டதா? ஆசிரியர் திட்டுவாரே என்று கர்ச்சீப்பால் துடைத்து மறைக்கிறாயே, அதற்குப் பெயர் சாமர்த்தியம் என்றால் அந்தச் சாமர்த்தியம் உனக்கு வேண்டாம். சத்தமாகச் சொல்: "கல்ச்சர் சிந்திருச்சு, யாரும் கிட்ட வராதீங்க!" புதுக் கையுறை மாட்டி, டிஷ்யூ தாளால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி பிளீச்சிங் கரைசலை ஊற்று. 20 நிமிடம் ஊறட்டும். பிறகு அள்ளி, கிருமிக் கழிவுக்கான பையில் போடு. உடைந்த கண்ணாடியைக் கையால் எடுக்காதே, இடுக்கியால் எடு. கடைசியில் கோட்டைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவு. அந்தக் கோட்டோடு கேன்டீனுக்குப் போய் டீ குடிப்பது கெத்து அல்ல, அசிங்கம்.

இத்தனைக்கும் பிறகு என்றாவது காய்ச்சல் அடித்தால், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதே. நீ கையாளும் கிருமியின் பெயரைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. டாக்டர் அவசரத்தில் இருப்பார், வரிசை நீளமாக இருக்கும், பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். உட்கார்ந்ததும் முதல் பேச்சே இதுவாக இருக்கட்டும்: "டாக்டர், நான் லேபில் இந்தக் கிருமியோடு வேலை செய்கிறேன்."