கள்ளுக்கடையும் மைலோ லாரியும்

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்த் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியல் இன்றும் உட்கார்ந்து படிக்கத் தக்கது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, பெண்களிடம் அத்துமீறுவோரிடமிருந்து பாதுகாப்பு, வெள்ளைக்கார மானேஜர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஆர். எச். நாதன், ‘தமிழ் நேசன்’ நாளிதழில் துணையாசிரியராக இருந்தவர். அவர் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தோட்டங்களுக்குள் ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கூலி உயர்வைக் கேட்பது எல்லாருக்கும் புரியும். கள்ளுக்கடையை மூடச் சொன்னது அப்படிப்பட்டதல்ல. அந்தக் கடையில் குடித்தவர்கள் அவர்களேதான். யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஊற்றவில்லை. காசு அவர்களுடையது, கால் அவர்களுடையது, விருப்பமும் அவர்களுடையதே. அப்படியிருந்தும், எங்கள் லயத்துக்கு, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் இதை வைக்காதே என்று அவர்கள் சொன்னார்கள். தனக்கு ஒன்றின் மேல் ஆசை இருக்கிறது என்று தெரிந்த மனிதன், அந்த ஆசையைத் தன் வாசலில் வைத்து வளர்ப்பவனைப் பார்த்து ‘இது தவறு’ என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்வதில் முரண் எதுவும் இல்லை. ‘வாங்குகிறவர் விரும்பித்தானே வாங்குகிறார்’ என்ற வாதத்துக்கு இந்த மண்ணில் கிடைத்த பழைய மறுமொழிகளில் ஒன்று அது. சொன்னவர்கள் தத்துவ ஆசிரியர்கள் அல்லர், பால்மரம் வெட்டியவர்கள்.

கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நிலத்திலும் பெரும்பகுதி தொழிற்சாலைகளாகவும் தாமான் எனப்படும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டது. லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் படிக்கிறார்கள். விளையாட்டுப் போட்டி நாளில் பச்சை நிற மைலோ லாரி பள்ளித் திடலுக்கு வருவது மலேசியாவில் வளர்ந்த எவருக்கும் புதிதல்ல. வெயிலில் ஓடிக் களைத்த பிள்ளைகளின் கையில் குளிர்ந்த, இனிப்பான ஒரு கோப்பை வந்து சேரும். காசு கிடையாது. அந்தக் கோப்பையை அன்போடு நினைக்காத மலேசியர் குறைவு. கேள்வி எழுவது அந்த அன்பைப் பற்றித்தான்: பிள்ளைகளின் மனத்தில் அப்படி ஓர் அன்பை விதைக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை உண்டா?

மைலோ கள்ளல்ல என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1934இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் மேய்ன் என்பவர் உருவாக்கிய அந்தத் தூளில் மால்ட், பால், கொக்கோ, சர்க்கரை எல்லாம் உண்டு. அதைத் தயாரிக்கும் நெஸ்லே இங்கே நேற்று வந்த நிறுவனமும் அல்ல. 1912இல் பினாங்கில் ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி என்ற பெயரில் கால் பதித்தது. 1939இல் கோலாலம்பூருக்கு வந்தது. 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் முதல் ஆலையைத் தொடங்கியது. 1989இல் பங்குச் சந்தையில் பட்டியலானது. நெகிரி செம்பிலானில் செம்போங்கில் உள்ள ஆலையை உலகின் மிகப் பெரிய மைலோ ஆலை என்று நிறுவனம் பெருமையோடு சொல்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. பள்ளி விளையாட்டுக்கு அரசு தராத ஆதரவைப் பல பத்தாண்டுகள் தந்திருக்கிறது. இவை சிறிய விஷயங்கள் அல்ல. எடை பார்க்கும்போது இவற்றைத் தட்டில் வைக்காமல் விட்டால் அது நேர்மையாகாது.

ஆனால் அந்த வரலாற்றின் தொடக்கத்தில் இருந்தது மைலோ அல்ல, டின் பால். இந்தக் கேள்விக்கான வெளிச்சமும் அங்கிருந்துதான் வருகிறது.

விடியுமுன்னே தோட்டத்தின் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் மரம் வெட்டப் போக வேண்டும். தாய்ப்பாலுக்கு இடமில்லாத நேரக் கணக்கு அது. ஏறக்குறைய பாதி சர்க்கரையாக இருந்த டின் பாலைத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டும் வழக்கம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவியது. ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்குப் பணிக்கு வந்தார். பால் நிறுவனங்கள் பெண்களுக்குத் தாதியர் உடை அணிவித்துத் தாய்மாரிடம் அனுப்பி, தாய்ப்பாலை விட டின் பால் மேல் என்று நம்ப வைப்பதைக் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. தெரிந்தே செய்யப்படும் இந்தப் பிரச்சாரத்தைக் கொலையாகவே கருத வேண்டும் என்பது அவர் வாதம். கிள்ளான் தொழிலாளர்கள் கள்ளுக்கடையைப் பற்றிப் பேசியதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு அது.

இங்கே குற்றத்தை எப்படிப் பங்கிடுவது? பிரட்டு நேரத்தைப் பால் நிறுவனம் வகுக்கவில்லை. வகுத்தது தோட்ட நிர்வாகம். தாயையும் சேயையும் பிரித்த வெற்றிடத்தை உண்டாக்கியவர் ஒருவர், அதில் கடை விரித்தவர் வேறொருவர். இப்படிப் பிரித்துப் பார்த்ததும் இருவருமே தப்பித்துக்கொள்வது வழக்கம். தோட்டம் தான் பால் விற்கவில்லை என்னும்; நிறுவனம் தான் தாயை வேலைக்கு அனுப்பவில்லை என்னும். ஆனால் பிறர் உண்டாக்கிய இல்லாமையில் லாபம் காண்கிறவருக்குத் தனியாக ஒரு கடமை இருக்கிறது. அந்த இல்லாமையால் யார் பலவீனப்பட்டு நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் விற்பனைத் திட்டம் போட முடியாது. அறிவு இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கிறது.

இதை உலகம் ஏற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின. 1974இல் லண்டனில் ‘வார் ஆன் வான்ட்’ அமைப்பு குழந்தைப் பால்மாவு விற்பனை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதைச் சுவிட்சர்லாந்தில் ‘நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது’ என்ற தலைப்பில் வெளியிட்டவர்கள் மீது நிறுவனம் வழக்குப் போட்டது. 1976இல் தலைப்புக்காக அவர்களுக்குச் சிறு அபராதம் விதித்த நீதிபதி, விளம்பர முறைகளை அடிப்படையிலிருந்தே மாற்றிக்கொள்ளும்படி நிறுவனத்திடமும் சொன்னார். 1977இல் அமெரிக்காவில் புறக்கணிப்பு தொடங்கியது. இந்த இயக்கத்தை உலக அளவில் ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர் மலேசியர்: நுகர்வோர் தலைவர் அன்வர் ஃபசால். 1979இல் தொடங்கிய அனைத்துலகக் குழந்தை உணவு நடவடிக்கை வலைப்பின்னலில் அவர் பங்கு பெரிது. அந்த வலைப்பின்னலைப் பற்றி நம் பள்ளிப் பாடங்களில் ஒரு பத்தியாவது இருந்திருக்க வேண்டும்.

1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்த நாடு அமெரிக்கா. அந்த நெறிமுறை பால்மாவு விற்பதைத் தடை செய்யவில்லை. அது தடுத்தவற்றில் முக்கியமானது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பது. விலைக்கு விற்கலாம், இலவசமாகக் கொடுக்கக் கூடாது! மேலோட்டமாகப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். காசு வாங்காமல் கொடுப்பதில் என்ன குற்றம்? குற்றம் அது கொடுக்கப்படும் இடத்திலும் நேரத்திலும் இருக்கிறது. மகப்பேறு மருத்துவமனையில், தாதியின் கையால், பிறந்த சில நாளில் கொடுக்கப்படும் டின்னுக்கு மருத்துவமனையின் சான்று தானாக ஒட்டிக்கொள்கிறது. விலை கொடுத்து வாங்கும்போது எழும் சிறு தயக்கம்கூட அங்கே எழாது. தாய்ப்பால் வற்றிய பிறகு விலை கொடுப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பள்ளித் திடலில் கொடுக்கப்படும் கோப்பையால் எந்தக் குழந்தையும் சாகாது. அந்த வேறுபாட்டை மறைப்பது பொய்யாகிவிடும். ஆனால் இரண்டின் அமைப்பும் ஒன்றே. அங்கே தாதி, இங்கே ஆசிரியர். அங்கே மருத்துவமனை, இங்கே பள்ளி. பெற்றோர் தம் பிள்ளையை நம்பி ஒப்படைத்த இடத்துக்குள் வந்து, அந்த நம்பிக்கையின் நிழலிலேயே பொருளும் நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு விளம்பரம் எது, அன்பளிப்பு எது என்று பிரித்தறியும் வலிமை இல்லை. அது இல்லை என்பதை நிறுவனம் அறியும். ஓடி முடித்த களைப்பு, நண்பர்களின் ஆரவாரம், வெற்றியின் மகிழ்ச்சி, இவற்றோடு ஒரு சுவை சேர்ந்துவிட்டால் அது ஆயுளுக்கும் நிற்கும். கடை அலமாரியில் விலை ஒட்டி நிற்கும் டின்னை வாங்குவதா விடுவதா என்று பெற்றோர் யோசிக்கலாம். திடலில் நிற்கும் லாரி அந்த யோசனைக்கு இடமே தருவதில்லை.

கொடுக்கப்படுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் பொருந்துவதும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய். இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. காப்பாரின் எந்தத் தாமானிலும் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்த எண்ணுக்கு ஒரு முகம் கிடைக்கும்: விரல் இழந்த தாத்தா, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் அத்தை. இதற்கு மைலோவைத் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. டின் பால் ஊற்றிய தே தாரிக், வெள்ளைச் சோறு, உடல் அசையாத வேலை, பரம்பரை எல்லாம் சேர்ந்தது அது. ஆயினும் மூன்றில் ஒருவர் நோயாளியாகும் சமூகத்தின் பிள்ளைகளுக்கு இனிப்பைப் பள்ளியின் கையால் பழக்குவது, அந்தச் சமூகத்தை அறியாதவர் செய்தால் கவனக்குறைவு. நூறாண்டு இங்கேயே இருந்து அறிந்தவர் செய்தால் அதற்கு வேறு பெயர்.

நிறுவனத்தின் பதில் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது: நாங்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம், சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்து வருகிறோம். இரண்டும் உண்மையே. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு நெஸ்லேயின் செரிலாக் குழந்தை உணவை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சுவிஸ் கடைகளில் சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படும் அதே வகை உணவில், இந்தியாவில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 3 கிராமுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்தது. இந்தியச் சட்டம் அதை அனுமதித்தது. ஆனால் சர்க்கரை இல்லாமலும் செய்யத் தெரியும் என்பதை நிறுவனமே தன் தாய்நாட்டில் நிரூபித்துவிட்டது. அதன் பிறகு சட்டத்தைக் காட்டுவது அறத்துக்குப் பதிலாகாது. தன் பிள்ளைக்கு ஒன்று, பிறர் பிள்ளைக்கு ஒன்று என்று பரிமாறுகிறவரை எந்தப் பந்தியிலும் மனிதர் மன்னிப்பதில்லை.

மைலோவுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் அதன் உறையில் ஐந்துக்கு நாலரை ஆரோக்கிய நட்சத்திரம் அச்சிடப்பட்டிருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் சில கரண்டி கலந்து குடித்தால் கிடைக்கும் மதிப்பு அது. தூளுக்கு மட்டும் கணக்கிட்டால் ஒன்றரைதான். எதிர்ப்பு எழவே 2018இல் நிறுவனம் அந்த நட்சத்திரங்களை எடுத்துவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, மலேசிய ஊட்டச்சத்து ஆய்வுகளுக்கு உணவு நிறுவனங்கள் பணம் தருவதையும், மால்ட் பானம் குடிக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாகுமுன் நிறுவனத்தின் பார்வைக்குப் போனதையும் நியூயார்க் டைம்ஸ் எழுதியிருந்தது. அறிவுரை சொல்ல வேண்டியவரின் நாக்கையும் பணம் தொட்டுவிட்டால், பெற்றோர் யாரிடம் போய்க் கேட்பது?

நுகர்வோர் கையில் வலிமை இல்லை என்று சொல்வதற்கில்லை. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியதும் மலேசியாவில் எழுந்த புறக்கணிப்பு அலையின் காலத்தில் நெஸ்லே மலேசியாவின் ஆண்டு வருவாய் சுமார் 700 கோடி ரிங்கிட்டிலிருந்து 620 கோடி அளவுக்கு இறங்கியது. தொலைவில் சாகும் குழந்தைகளுக்காக மனம் இரங்கியவர்கள் அவர்கள். அந்த இரக்கம் உயர்ந்தது. சொந்தப் பிள்ளையின் கோப்பைக்காக அப்படி ஒரு கேள்வி இதுவரை எழவில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

ஆக, விற்பதில் தவறில்லை. பள்ளி வேலிக்கு வெளியே, விலை போட்டு, உள்ளதை உள்ளபடி உறையில் எழுதி விற்கட்டும். வேலிக்கு உள்ளே லாரி வருவது தவறு. இலவசம் என்பது அந்தத் தவறைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. லாரிக்குக் கதவைத் திறப்பவர் நிறுவனம் அல்ல, பள்ளிதான். ஆனால் இதைச் சொன்னவுடன் ஒரு தலைமையாசிரியர் கேட்கக் கூடிய கேள்வி நியாயமானது: பதக்கத்துக்கும் பந்தலுக்கும் பணம் எங்கே? ஓடி முடித்த பிள்ளைக்குக் குடிக்க என்ன கொடுப்பது? ஏழைப் பிள்ளைகளுக்கு 1979 முதல் துணை உணவுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது எல்லாருக்கும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கையேந்தித் திரிகிறது. தோட்ட நிர்வாகம் அன்று விட்ட வெற்றிடத்தை இன்று அரசு விட்டிருக்கிறது.

பணம் இல்லாமலும் இல்லை. 2019 ஜூலை 1 முதல் சர்க்கரை மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2025இல் அது 90 சென் ஆனது. அந்த வரியைக் கொண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசக் காலை உணவு தருவோம் என்று 2019இல் அரசு அறிவித்தது. திட்டம் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. இப்போது அந்த வருவாயை இனிப்புநீர் நோயாளிகளின் மருந்துக்கும் சிகிச்சைக்கும் ஒதுக்குவதாகச் சொல்கிறார்கள். நோயாளிக்கு மருந்து வேண்டும். அதில் ஒரு சென்னும் குறையக் கூடாது. அதோடு, 2019இல் வாக்களித்த அந்தக் காலை உணவையும் காப்பார் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். அது கிடைக்கும் வரை, விளையாட்டுப் போட்டி நாளில் வெட்டிய பழமும் குளிர்ந்த தண்ணீரும் கொடுக்கும் செலவைச் சங்கமே ஏற்றுக்கொண்டு, லாரி வருவதை மறுக்க வேண்டும்.