தடையும் துணையும்

நெருப்பு சுடும் என்பதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும், சுடுகின்ற அந்தச் சக்தி நெருப்பினின்றும் வேறான ஒரு பதார்த்தமா, அன்றி நெருப்பின் சொரூபமேதானா என்ற கேள்வியை வைத்துக்கொண்டு மீமாம்சை, நியாயம் என்னும் இரு தரிசனங்களைச் சார்ந்த மீமாம்சகர்களும் நையாயிகர்களும் நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்திருக்கிறார்கள். சந்திரகாந்த மணியை அருகே வைத்தால் நெருப்பு சுடாது, எடுத்துவிட்டால் சுடும், இரண்டு நிலையிலும் நெருப்பின் நிறமும் உருவமும் மாறுவதில்லை என்பது அந்த வாதத்தில் வரும் திருஷ்டாந்தம். ஆகவே கண்ணுக்குப் புலனாகாத சக்தி என்று ஒன்று உண்டு, அதுவே மணியினால் அழிந்து பின்பு மீண்டும் பிறக்கிறது என்பது மீமாம்சகர் கட்சி. அதீந்திரியமான அப்படியொரு பொருளைக் கற்பிக்க வேண்டிய அவசியமே இல்லை, காரியம் பிறப்பதற்குரிய காரணங்களுள் தடையின்மையும் ஒன்று என்று கொண்டாலே போதும் என்பது நையாயிகர் கட்சி. நையாயிகரான உதயனர் தம் நியாய குசுமாஞ்சலியில் இந்தச் சக்திவாதத்தை எடுத்துக்கொண்டு கண்டித்திருக்கிறார்.

திருஷ்டாந்தமாக வந்த மணியை நாம் கையில் எடுத்துச் சோதிக்க இயலாது. அளந்து பார்க்கத் தக்க வேறொரு பொருளை அதன் ஸ்தானத்தில் வைத்து அதே கேள்வியைக் கேட்டால் வாதம் எந்தப் பக்கம் சாயும் என்று அறியும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. அத்தகைய பொருள் மோட்டார் வண்டியின் இயந்திரத்திலேயே இருக்கிறது.

கார்புரேட்டரிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொண்டுசெல்லும் குழல்தொகுதியை இன்டேக் மேனிஃபோல்டு என்பார்கள். அதில் எரிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை. போல்ட்டுகளால் இறுக்கப்பட்டு அசையாமல் கிடக்கும் வெறும் வழி அது. ஆனால் அந்த வழியின் நீளத்தையும் அகலத்தையும் மாற்றினால் இயந்திரத்தின் சுபாவமே மாறிப்போகிறது.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி வெளியிட்ட 300எஃப் என்னும் கார் இதற்குத் தக்க சான்று. 413 கன அங்குலக் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் உடைய அதன் இயந்திரத்தின் மேல், இடப்புறக் கார்புரேட்டர் வலப்புறச் சிலிண்டர்களுக்கும் வலப்புறக் கார்புரேட்டர் இடப்புறச் சிலிண்டர்களுக்கும் ஊட்டும்படி, நீண்ட வார்ப்படக் குழல்கள் குறுக்காக ஒன்றையொன்று கடந்து சென்றன. ஒவ்வொரு வழிக்கும் நீளம் 30 அங்குலம். அந்த அமைப்பில் இயந்திரம் நிமிஷத்துக்கு 5000 சுற்றில் 375 குதிரைத்திறனும், 2800 சுற்றில் 495 பவுண்டு-அடி முறுக்குவிசையும் தந்தது. விரும்பிக் கேட்டவர்களுக்கு இன்னொரு குழல்தொகுதியும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் முன்னதைப் போலவே நீண்டு தோன்றும் அதனுள்ளே, அடுத்தடுத்த வழிகளைப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை மட்டும் நீக்கி, தனி வழியின் நீளத்தை 15 அங்குலமாகக் குறைத்திருந்தார்கள். அதைப் பூட்டிய இயந்திரத்துக்குக் குதிரைத்திறன் 5200 சுற்றில் 400 ஆயிற்று; முறுக்குவிசையோ 465ஆகக் குறைந்து, அதன் உச்சமும் 3600 சுற்றுக்கு ஏறிவிட்டது. கூடிய 25 குதிரைத்திறன் முழுவதையும் அந்தச் சுவரின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனால் உச்சம் இடம்மாறியதற்கு வழியின் நீளம் பாதியானதே தலையாய காரணம்.

முறுக்குவிசை என்பது தண்டு திரும்பும் பலம். குதிரைத்திறன் அந்தப் பலமும் வேகமும் கூடிய பெருக்கம். பவுண்டு-அடியைச் சுற்றுகளால் பெருக்கி 5252ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். பாரத்தோடு மேடேறுவதற்கு முன்னது வேண்டும், சமவெளியில் பறப்பதற்குப் பின்னது வேண்டும்.

சுவர் செய்யும் வேலைதான் வியப்புக்குரியது. வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தம் தாழ்ந்த ஓர் அலை குழலின் வழியே ஒலியின் வேகத்தில் மேலே ஓடி, திறந்த வாயை அடைந்ததும் அழுத்தம் மிகுந்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. அது வால்வு மூடுவதற்கு முன் தக்க தருணத்தில் வந்து சேர்ந்தால், பிஸ்டன் தானாக இழுத்திருக்கக்கூடிய காற்றைவிட அதிகமான காற்றைச் சிலிண்டருக்குள் நெட்டித் தள்ளுகிறது. 30 அங்குல வழியில் போய்வர ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் அதற்கு ஒரு விநாடியின் ஆயிரத்தில் நாலரைப் பங்கு நேரம் ஆகும். வண்டியை ஓட்டுபவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அலை தன் நடையை மாற்றிக்கொள்வதில்லை. 2800 சுற்றில் அந்த நேரத்துக்குள் தண்டு கால் வட்டத்துக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பியிருக்கும். அலை சமயத்தில் வந்துவிடுகிறது. 5000 சுற்றிலோ அதே நேரத்துக்குள் தண்டு மூன்றில் ஒரு வட்டத்தையும் கடந்துவிடுவதால் அலை காலந்தாழ்ந்து வருகிறது. வழியைப் பாதியாக்கினால் ஏறத்தாழ அதே கால் வட்டப் பொருத்தம் உயர்ந்த சுற்றுகளில் வாய்க்கிறது.

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். அந்தச் சுவர் தடையா, துணையா? 2800 சுற்றில் அது துணை. 5200 சுற்றில் அதுவே தடை. சுவரில் ஓர் அணுவும் மாறவில்லை. மீமாம்சகர் சொல்லுவதுபோல் குழலுக்குள் ஒரு சக்தி குடிகொண்டிருக்கிறது என்று கொண்டால், ஓட்டுபவரின் கால் பெடலை மிதிக்குந்தோறும் அது அழிந்து அழிந்து பிறக்க வேண்டும். அத்தகைய கல்பனையை ஏற்க என் மனம் இசையவில்லை. நையாயிகர் சொல்லும் தடையின்மை இங்கே சாலப் பொருந்துகிறது, ஏனெனில் சுவரில் ஒரு பகுதி இல்லாமற் போனதே காரியத்தை மாற்றிவிட்டது. ஆனால் அந்த இல்லாமையே 30 பவுண்டு-அடியைப் பறித்துக்கொண்டும் போயிருக்கிறது. ஆகவே தடை என்பது ஒரு பொருளின் ஜாதி அன்று, அது காலத்தோடு அப்பொருளுக்கு உண்டாகும் சம்பந்தம் என்று ஒரு திருத்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. மணியோடு, அதன் தடையை மாற்றும் உத்தேஜகம் என்னும் வேறொன்றும் கூடியிருந்தால் நெருப்பு சுடத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்ட நையாயிகர், இந்தத் திருத்தத்தின் வாசற்படிவரை தாமே வந்தவர்கள்.

நீளம் மாறும் குழலைச் செய்துவிட்டால் இந்தச் சங்கடம் தீருமே என்று கேட்கலாம். செய்தும் இருக்கிறார்கள். 1991ஆம் ஆண்டில் லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி காரில், சுழற்சி இயந்திரத்தின் உள்ளிழுப்புக் குழல்கள் சுற்று வேகத்துக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் இயங்கின. அது எல்லா வேகத்துக்கும் உரிய ஒரே நீளத்தைக் கண்டுபிடித்ததனால் வென்ற வெற்றி அன்று. அப்படி ஒரு நீளம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டதனால் வந்த வெற்றி.

சமய ஆசாரங்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் தர்க்கங்களைக் கேட்கும்போதெல்லாம் இந்தச் சுவர் என் நினைவுக்கு வருகிறது. நியமங்கள் ஆன்மாவுக்குத் தளை என்று ஒரு சாராரும், அவையே கதி என்று மற்றொரு சாராரும் பொருளையே பார்த்துப் பேசுகிறார்களேயன்றி, கைக்கொள்பவன் எந்த நிலையில் நிற்கிறான் என்று கேட்பதில்லை. சாஸ்திரமோ அதைக் கேட்டிருக்கிறது. உபநயனத்தில் பூணூலை அணிவித்து, அதைப் போற்றிக் காக்கும்படி பிரமசாரிக்கு விதித்த அதே சாஸ்திரம், ஏகதண்டி சந்நியாசத்தில் பூணூலையும் சிகையையும் களைந்துவிடச் சொல்லுகிறது. முன்னது பிழை என்று பின்னதைச் சொல்லவில்லை. பிரமசாரியின் நியமத்தை எல்லோர்மேலும் சுமத்துவதும், சந்நியாசியின் துறவை எல்லோருக்கும் வழங்கிவிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள் என்பது என் துணிபு. இரண்டினாலும் நஷ்டப்படுகிறவர்கள் மெய்யாகவே முன்னேற விரும்பும் எளிய மனிதர்கள்.

தர்க்க சாஸ்திரம் பயிற்றும் ஆசிரியர்கள், பிரதிபந்தகம் என்னும் தடையைப் பற்றிய பாடம் வரும்போது, சந்திரகாந்த மணியோடு நிறுத்திவிடாமல், சுவர் உள்ள குழலையும் சுவர் நீக்கிய குழலையும் மாணவர்கள் முன்னே வைத்து, எது தடை என்று அவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.