கையில் இருக்கும் கம்பு

திருப்பூரில் ஒரு மாலை, ஷிப்டு முடிந்து வந்த பனியன் கம்பெனிப் பையன்கள் சிலம்பம் பழகுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெற்றி உயரத்துக்கு மூங்கில் கம்பு. முதலில் வணக்கம், பிறகு காலடி. கால் பழகிய பிறகுதான் கைக்கு வீச்சு. போட்டியிலும் எதிராளியின் உடம்பில் கம்பு தொட்டால் புள்ளி உண்டு. எலும்பை முறிக்க வேண்டியதில்லை.

“அடிக்கவா கத்துக் கொடுக்கறீங்க?” என்று வாத்தியாரைக் கேட்டேன்.

“கம்பைக் கீழே விடாம இருக்கறதுக்குத்தானுங்க” என்று சிரித்தார்.

சீனத்து ஷாவோலின் மடத்துப் பிக்ஷுக்கள் கொல்லாமை விரதம் பூண்டவர்கள், தடிவீச்சிலும் பிரசித்தமானவர்கள். அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் இருப்பதுதான் அஹிம்சை, தெரியாதவன் இருப்பது வெறும் இயலாமை என்று அவர்களுக்காக வாதாடலாம். ஆனால் 1553-இல் கடற்கொள்ளைக்காரரை எதிர்க்கப் போனபோது அந்தத் தடிகள் கொல்லவும் செய்தன. பலம் இருந்தால் விரதம் நிலைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இந்த வாதம் எனக்குச் சௌகரியமானது அல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். துணி மடிப்பதில் பிசகிவிட்டான் என்று கைமடிப் பையன் ஒருவனை சூப்பர்வைசர் கன்னத்தில் அறைந்தார். நான் பேசாமல் வெளியே வந்தேன். சண்டை நமக்கு ஆகாது, நாம் சாந்தமான மனிதர் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். சிலம்பம் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்று பின்னால் ஒரு சமாதானமும் தேடிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் இந்த ஊரில் செல்லாது. 1932 ஜனவரி 10-ஆம் தேதி இதே திருப்பூர் வீதியில் ஊர்வலம் வந்த குமரன், போலீஸ் தடியடியில் மண்டை பிளந்து விழுந்தார், மறுநாள் இறந்தார். வயது இருபத்தேழு. கொடி காத்த குமரன் என்று எல்லோரும் சொல்கிறோம். அவர் கையில் இருந்ததும் ஒரு கம்புதான் அல்லவா? அதை அவர் திருப்பி ஓங்கவில்லை, கீழேயும் விடவில்லை.

ஓங்காமல் இருந்தது நானும்தான். ஆனால் அன்று நான் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. “அடிக்காதே ஐயா” என்ற இரண்டு வார்த்தைகளைச் சொல்ல எந்த வாத்தியாரிடம் காலடி பழக வேண்டும்?

மைதானத்தில் ஒரு பையன் கம்பைத் தவறவிட்டான். யாரும் திட்டவில்லை. குனிந்து எடுத்து மறுபடி நின்றான்.