இப்போதைக்கு

என் நிரலின் 47ஆவது வரியில் ஒரு குறிப்பு இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய முதல் மாதத்தில் நானே எழுதியது: "இப்போதைக்கு வீட்டை ஒரே ஆளாக வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் என்றால் ஓடி முடியாது." அதை எழுதி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வரியைத் தாண்டித்தான் எத்தனையோ முறை மேலும் கீழும் போய்வந்திருக்கிறேன். நின்று படித்ததில்லை.

குடும்பங்களின் உழைப்பு, செலவு, சேமிப்பு பற்றிய பொருளாதார மாதிரி அது. கணினிக்குள் பல ஆயிரம் கற்பனைக் குடும்பங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் எவ்வளவு நேரம் கூலி வேலைக்குப் போவது, எவ்வளவு செலவழிப்பது, எவ்வளவு மிச்சம் பிடிப்பது என்று முடிவெடுக்கும். ஓர் உதவித்தொகை வந்தால் அந்த முடிவுகள் எப்படி மாறும் என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒருமுறை ஓட்டி முடிக்க என் கணினிக்கு 38 மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை ஓடவிட்டால் ஞாயிறு காலையில் விடை வரும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

பிறகு இணைக் கணிமையைக் கற்றுக்கொண்டேன். இன்றைய கணினி ஒவ்வொன்றிலும் பல கோர்கள் இருக்கின்றன. ஆனால் சாதாரணமாக எழுதிய நிரலின் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். வேலையைப் பிரித்து எல்லாக் கோர்களுக்கும் கொடுக்கத் தனிக் கருவிகள் உண்டு. மேட்லாப்பில் பேரலல் கம்ப்யூட்டிங் டூல்பாக்ஸ். ஆர் மொழியில் 2011 முதல் மொழியோடேயே சேர்ந்து வரும் பேரலல் தொகுப்பு. பைத்தானில் டாஸ்க் போன்றவை. மேட்லாப்பில் 'ஃபார்' என்று எழுதிய இடத்தில் 'பார்ஃபார்' என்று மாற்றினால் பல நேரங்களில் அதுவே போதும். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒரு சுற்றின் விடை இன்னொரு சுற்றின் விடையை நம்பி இருக்கக் கூடாது. எது முதலில் முடியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கல்யாணச் சமையலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 50 கிலோ காய் நறுக்குவதைப் பத்துப் பேர் பங்குபோட்டுக்கொள்ளலாம். ஒருவர் நறுக்குவது இன்னொருவருக்குக் காத்திருக்காது. பருப்பு வேகாமல் சாம்பாரைக் கூட்ட முடியாது. அங்கே பத்துப் பேரும் நிற்க வேண்டியதுதான். இதைத்தான் 1967இல் ஜீன் ஆம்டால் கணக்காகச் சொன்னார். வேலையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது.

என் கணினியில் 12 கோர்கள். 38 மணி நேரம் நாலரை மணி நேரமானது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

மிச்சமான 33 மணி நேரத்தை நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

அதே மாதிரியை மறுபடியும் ஓட்டினேன். வட்டி விகிதத்தைச் சற்று மாற்றி ஒருமுறை, கூலியைச் சற்று மாற்றி ஒருமுறை. நாளுக்கு ஐந்து முறை ஓட்டலாம் என்றால் ஐந்து முறையும் ஓட்டினேன். கட்டுரைகளின் அட்டவணைகள் நீண்டன. ஓய்வு கூடவில்லை. 47ஆவது வரியும் அப்படியே இருந்தது.

இது என் தனிப்பட்ட குறை மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1988இல் ஜான் கஸ்டாஃப்சன் ஆம்டாலுக்கு ஒரு மறுப்பு எழுதினார். கூடுதல் கோர்கள் கிடைத்தால் மக்கள் அதே வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை, அதே நேரத்தில் முடியக்கூடிய பெரிய வேலையை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். கணினி அறிவியல் இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "எங்க வீட்ல ஆட்டுக்கல்லு இருந்தப்போ தீபாவளி, பொங்கல்னாதான்டி இட்லி. கிரைண்டர் வந்துச்சு, தெனமும் இட்லி. அரைக்கிற நேரம் மிச்சம்னாங்க. மிச்சமான நேரத்துலதான் தெனமும் ரெண்டு சட்னி அரைச்சேன்."

அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாகக் காட்டியிருக்கிறார். வாஷிங் மெஷினும் எரிவாயு அடுப்பும் வேலையின் கடுமையைக் குறைத்தன. ஆனால் துணி அடிக்கடி வெளுக்க வேண்டியதானது, சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது, முன்பு ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் செய்த பங்கும் இல்லத்தரசி ஒருத்தியின் தலையில் வந்து சேர்ந்தது. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று யாரும் தீர்மானிக்காவிட்டால், ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதே அதைத் தின்றுவிடும். அம்மாவின் நேரத்தைச் சட்னி தின்றது. என் நேரத்தை அட்டவணை தின்றது.

இணைக் கணிமையின் தொடக்கமே நமக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். 1922இல் வானிலைக் கணிப்பு பற்றிய தன் நூலில் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் ஒரு மண்டபத்தைக் கற்பனை செய்தார். 64,000 மனிதர்கள் உலகின் ஒவ்வொரு பகுதிக்குமான கணக்கை ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று 'கம்ப்யூட்டர்' என்றால் கணக்குப் போடும் மனிதர்தான். அந்த மனிதர்களில் பெரும்பங்கினர் போகப்போகப் பெண்களாயினர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காகப் பீரங்கிக் குண்டின் பாதையைக் கையால் கணித்தவர்களிலிருந்து ஆறு பெண்களை எனியாக் இயந்திரத்துக்கு நிரலெழுதத் தேர்ந்தெடுத்தார்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். எனியாக்கின் பகுதிகள் ஒரே நேரத்தில் இயங்கக்கூடியவை. எது எதனோடு சேர்ந்து ஓடலாம், எது காத்திருக்க வேண்டும் என்று வயர்களைச் சொருகித் திட்டமிட்டது இவர்கள். 1946 பிப்ரவரியில் இயந்திரத்தை உலகுக்குக் காட்டியபோது, குண்டு பறந்து விழும் நேரத்துக்குள் அதன் பாதையை அது கணித்துக் காட்டியது. அன்றிரவு நடந்த விருந்துக்கு இந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை. கணக்கைப் போட்டவர்கள் கணக்கில் வரவில்லை.

என் 47ஆவது வரி செய்வதும் அதையேதான். வீட்டை ஒரே ஆளாக வைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. பொருளியலில் அது நெடுநாள் வழக்கம். எல்லார் வருமானமும் ஒரே பையில் விழும், அந்தப் பையிலிருந்து எல்லார் நலனையும் நினைத்து ஒரு மனம் செலவு செய்யும். 1992இல் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர், 1981இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய நூலில் அன்புள்ள குடும்பத் தலைவர் ஒருவரை வைத்து இதற்கு நியாயம் கற்பித்தார். அமர்த்தியா சென்னும் பீனா அகர்வாலும் இதை மறுத்து, வீடு என்பது ஒத்துழைப்பும் பேரமும் கலந்த இடம் என்று எழுதியதை நான் மாணவியாக இருந்தபோதே படித்துவிட்டேன். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

வீடு ஒரே ஆள் என்றால் என்ன ஆகும்? 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய். என் மாதிரியில் அந்த 1,000 ரூபாயைப் பெண்ணின் கணக்கில் போட்டாலும் ஆணின் கணக்கில் போட்டாலும் விடை ஒன்றுதான். அது ஆய்வின் முடிவு அல்ல. 47ஆவது வரியில் நான் எழுதிவைத்தது திரும்பி வருகிறது, அவ்வளவே. 'மகளிர்' என்ற சொல்லுக்கும் 'உரிமை' என்ற சொல்லுக்கும் என் நிரலில் இடமே இல்லை. தொகை மட்டும்தான் தெரியும்.

உண்மையில் கை மாறினால் செலவு மாறுகிறது. பிரிட்டனில் 1970களின் இறுதியில், தந்தையின் சம்பளத்தில் வரிச்சலுகையாகச் சேர்ந்துகொண்டிருந்த பணம் தாயின் கையில் குழந்தைகளுக்கான உதவித்தொகையாகத் தரப்பட்டது. ஷெல்லி லண்ட்பெர்க், ராபர்ட் போலக், டெரன்ஸ் வேல்ஸ் ஆகியோர் 1997இல் அதை ஆராய்ந்தார்கள். அந்த மாற்றத்துக்குப் பின் ஆண்கள் உடைக்கான செலவோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகள் உடைக்கான செலவு கூடியிருந்தது. ஒரே பை என்ற கருத்தோடு இது பொருந்தாது.

இருவர் உள்ள வீட்டைக் கணக்கில் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று கடைசியில் ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். என் பழைய மாதிரியில் குடும்பத்தின் சேமிப்புக்கு 200 படிகள். இப்போது இன்னொன்றும் வேண்டும்: வீட்டில் யார் பேச்சு எவ்வளவு எடுபடும் என்பதற்கான எண். அதற்கு 20 படிகள் என்று வைத்தால் 200 என்பது 4,000 ஆகிறது. வேலை 20 மடங்கு. ஒரே கோரில் ஓட்டினால் 760 மணி நேரம், அதாவது ஒரு மாதத்துக்கும் மேல். ஆறு ஆண்டுகளுக்கு முன் "ஓடி முடியாது" என்று நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பேரம் அடுத்த குடும்பத்தின் பேரத்தை நம்பி இல்லை என்பதால் பார்ஃபாரின் நிபந்தனை இங்கேயும் நிறைவேறுகிறது. 12 கோர்களில் 90 மணி நேரம். நான்கு நாள்கூட இல்லை.

இங்கேதான் கேள்வி அறம் சார்ந்ததாக மாறுகிறது. ஒருவரால் முடியாத காரியத்துக்கு அவரைக் குறைசொல்ல முடியாது. இயலாமை உண்மையான மன்னிப்பு. ஆனால் அந்த மன்னிப்பு, இயலாமை இருக்கும்வரைதான் செல்லும். டூல்பாக்ஸ் வந்து வேலை செய்யத் தொடங்கிய இரவில் என் "முடியாது" காலாவதியாகிவிட்டது. அதன்பின் அந்த வரியை வைத்திருந்த ஒவ்வொரு நாளும் நான் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதற்கான என் பொறுப்பு மாறிவிட்டது. வேகம் எனக்கு நேரத்தோடு கடனையும் தந்தது என்பதை நான் கவனிக்கவில்லை.

ஒரு மறுப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எந்த மாதிரியும் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் அது மாதிரியே அல்ல. சரிதான். என் புதிய மாதிரியிலும் மாமியார் இல்லை, சாதி இல்லை, அடி இல்லை. 'பேச்சு எடுபடும் அளவு' என்பதை ஓர் எண்ணாகச் சுருக்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. விடுவது தவறென்று நான் சொல்லவில்லை. செலவு காரணமாக விட்டதைச் செலவு குறைந்தபின்னும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைத்தான் தவறென்கிறேன். தரவு இல்லை என்பதும் முன்போல் சொல்ல முடியாத பதில். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள்; அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். என் பழைய மாதிரியில் கூலி வேலைக்குப் போகாத நேரத்துக்கு ஒரே பெயர்தான்: ஓய்வு. அந்த 299 நிமிடங்களையும் ஆறு ஆண்டுகளாக நான் ஓய்வு என்றுதான் எழுதிவந்தேன்.

வேகத்தை வேறுமாதிரியும் செலவழிக்கலாம் என்பதற்கு வானிலை ஆய்வாளர்களே சான்று. 1992 இறுதியிலிருந்து ஐரோப்பிய நடுத்தரகால வானிலைக் கணிப்பு மையம் ஒரே கணிப்பைத் தொடக்க நிலையில் சிறுசிறு மாற்றங்களோடு பலமுறை இணையாக ஓட்டிப் பார்க்கிறது. பின்னாளில் அது 51 முறையானது. அந்தக் கணிப்புகள் எவ்வளவு விலகிப் போகின்றன என்பதை வைத்து எந்த அளவுக்குத் தாங்கள் தவறாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள். கூடுதல் வேகத்தைத் தன் மீதே சந்தேகப்படுவதற்குச் செலவிட்டவர்கள் அவர்கள். நானும் 51 முறை ஓட்டினேன்தான். ஆனால் நான் சந்தேகித்தது வட்டி விகிதத்தை, வீட்டை அல்ல.

புதிய மாதிரியைப் போன மாதம் ஓட்டினேன். நான்கு நாள் என்று நினைத்தது, பிழை திருத்தி மறுபடி மறுபடி ஓட்டியதில் மூன்று வாரமானது. இப்போது 1,000 ரூபாய் யார் கணக்கில் விழுகிறது என்பது விடையை மாற்றுகிறது. எவ்வளவு மாற்றுகிறது என்பதை நம்பிச் சொல்ல இன்னும் நிறைய வேலை இருக்கிறது. முன்பு வெளியான என் கட்டுரைகளில் ஒரே ஆள் வீட்டை வைத்துச் சொன்ன முடிவுகளை என்ன செய்வது என்பதும் என் முன் இருக்கிறது. ஒன்றுக்குத் திருத்தக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கும் மாணவிகள் சிலர் பொருளியலிலோ உயிரியலிலோ பொறியியலிலோ இதே கருவிகளைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். 'ஃபார்' என்பதைப் 'பார்ஃபார்' ஆக மாற்றும் நாளில் நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள். 'இப்போதைக்கு' என்று எங்கெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், யாரை விட்டுவிட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சமாகும் நேரத்தை முதலில் அந்தப் பட்டியலுக்குக் கொடுங்கள்.

என் 47ஆவது வரியை அழித்துவிட்டேன். அதற்குக் கீழே புதிதாக எழுதிய வரியிலும் ஓர் 'இப்போதைக்கு' இருக்கிறது: "இப்போதைக்கு வீட்டில் இரண்டு பேர் மட்டும்." இந்த முறை தேதி போட்டிருக்கிறேன்.